நாலு ஷாக்கப்சரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

எங்கள் தெருவில் கார் ஓட்டுகிற முதல் பெண் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமே கிடையாது. பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து வண்டியைப் பின்னால் எடுத்து, பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகைச் சுவரில் உரசாமல் திருப்பி, தார் ரோட்டில் ஏற்றும் வரை எதிர்வீட்டுக்காரர்கள் நின்று பார்ப்பார்கள். ஆரம்பத்தில் எங்கேயாவது இடிப்பேன் என்று எதிர்பார்த்து நின்றார்கள். அப்புறம் பழக்கத்தில் நின்றார்கள்.

கார் என் தாய்மாமாவுடையது. மறைமலை நகரில் இருக்கும் அவர் புது வண்டி வாங்கியபோது, பழைய செடானை வீட்டு வாசலில் வெயிலில் காயவிட மனமில்லாமல் எனக்குத் தள்ளிவிட்டார். சாம்பல் நிறம். வீட்டுச் சாமானெல்லாம் அடைக்கிற மாதிரி பெரிய டிக்கி. என் கணவருக்குப் பைக்கே போதும், காரில் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது என்பார். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தது நான். ஒரகடத்தில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு ஓட்டிக்கொண்டு போகிறதும் நான்.

இந்தக் கதையில் சிரிப்பு என்னவென்றால், அந்தத் தொழிற்சாலையில் நாங்கள் செய்வதே ஷாக்கப்சர்தான். சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது ஸ்பிரிங் குதிக்கும். விட்டால் குதித்துக்கொண்டே இருக்கும். அந்தக் குதிப்பைப் பிடித்து அடக்குகிற, எண்ணெய் நிரப்பிய குழாய்தான் ஷாக்கப்சர். குழாய் ஆள் மாறி ஆள் நகர்ந்து வருகிற லைனில் கடைசிக்கு முந்தின ஸ்டேஷன் என்னுடையது. வருகிற குழாயை மிஷினில் மாட்டுவேன், கதவு மூடும், மிஷின் அதன் தண்டைப் பிடித்து இழுத்தும் அழுத்தியும் பார்க்கும், திரையில் ஒரு கோடு வளைந்து வரும், பச்சை விளக்கு எரிந்தால் எடுத்து அடுத்தவருக்குத் தள்ளுவேன். சிவப்பு எரிந்தால் சிவப்புப் பெட்டி. ஒரு ஷிப்டில் எத்தனையோ குழாய் கைவழியே போகும். அதில் ஒன்று வண்டிக்கு அடியில் போய் என்ன செய்கிறது என்று நான் கண்ணால் பார்த்ததில்லை. யாரும் எங்களுக்குக் காட்டியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

என்னோடு தினமும் காரில் வருகிறவள் ஒரு தென்காசிப் பக்கத்துப் பெண். எனக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னால் எண்ணெய் நிரப்புகிறவள். ஒரகடம் போகிற வழியில் நாலைந்து பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அவளை ஏற்றிக்கொண்டு போவது எனக்கும் துணை. வாய் ஓயாது. ஒருநாள் காலை, நான் ஒரு வேகத்தடையைக் கவனிக்காமல் ஏற்றிவிட்டேன். வண்டி ஏறி இறங்கி, அப்புறம் மூக்கைத் தூக்கி, அப்புறம் மூக்கைக் குத்தி, ரோடு சமமாகி வெகுதூரம் போன பிறகும் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. அவள் தலை மேலே கூரையில் இடித்தது. மடியிலிருந்த டிபன் பாக்ஸ் கீழே போய்த் திறந்துகொண்டது.

அவள் தலையைத் தடவிக்கொண்டு, குனிந்து இட்லியைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்: "யக்கா, நாம ஷாக்கப்சர் பண்ணுதோம்லா. இந்தக் காருல அது இருக்கா, இல்லையா?"

எனக்குச் சுரீரென்றது. நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் என் முதல் கார். கார் என்றால் இப்படித்தான் ஆடும் என்று நினைத்திருந்தேன். பிரேக் போட்டால் முன்பக்கம் குப்புற இறங்குவதும், வளைவில் ஒரு பக்கமாகச் சாய்வதும், எல்லாமே காரின் இயல்பு என்று எடுத்துக்கொண்டு, அதற்குத் தகுந்த மாதிரி உடம்பை வளைக்கப் பழகியிருந்தேன். தொழிற்சாலை கேட் வாசலில் இறங்கியதும் நாங்கள் இருவரும் முன்பக்க மூலையில் கையை வைத்து அழுத்திவிட்டு எடுத்துப் பார்த்தோம். கார் தலையாட்டிக்கொண்டே நின்றது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு ஷிப்ட் முழுக்க, மிஷினுக்குள் ஏறி இறங்குகிற ஒவ்வொரு தண்டையும் பார்க்கும்போது, எப்போது அந்தக் காருக்கு அடியில் எட்டிப் பார்ப்போம் என்றே இருந்தது.

பென்னலூரில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் என் கணவரின் பழைய கூட்டாளி. இருவரும் ஒரு கார் கம்பெனியில் காண்டிராக்ட்டில் ஒன்றாக வேலை செய்தவர்கள். அவர் வெளியே வந்து தகரக் கூரை போட்டு சொந்தத் தொழில் ஆரம்பித்தார். அதிகம் பேசமாட்டார். ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக ஒடித்துத் திருப்பி, முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, குழாயைத் தடவி விரலை எடுத்துக் காட்டினார். கறுப்பாக எண்ணெய். அப்புறம் டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டச் சொன்னார். அங்கங்கே மேடும் பள்ளமுமாகக் கைக்குத் தட்டுப்பட்டது. சக்கரம் ரோட்டில் ஒட்டாமல் குதித்துக் குதித்து ஓடியதால் அப்படித் தேய்ந்திருக்கிறது என்றார்.

"நாலுமே பூட்ச்சி சிஸ்டர்," என்றார். "இத்த வெச்சிகினு எப்டி ஓட்டிகினு கீறீங்கன்னே தெர்ல."

முன்னால் இரண்டு, ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஸ்ட்ரட். பின்னால் இரண்டு, தனி ஷாக்கப்சர். நாலையும் மாற்றவேண்டும், முன்பக்கத்துக்கு மேலே உட்காரும் ரப்பர் மவுண்ட்டும் பேரிங்கும் சேர்த்து மாற்றிவிடலாம் என்றார். காலையில் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், சாயந்திரம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

"வுட்டுட்டுப் போக மாட்டேண்ணா," என்றேன். "கூட இருந்து பாக்கணும். முடிஞ்சா கையும் வெக்கணும்."

அவர் கூட வந்திருந்த என் கணவரைப் பார்த்தார். என் கணவர் வானத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், அன்றைக்கு வேறு வண்டி எடுக்கவில்லை என்று மெக்கானிக் முடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. குழந்தைத்தனம்தான், தெரியும். தீபாவளிக்கு முந்தின நாள் போல இருந்தது. காலையில் தென்காசிக்காரியை ஏற்றப் போனால், அவள் பழைய சுடிதாரும் கம்பெனி சேஃப்டி ஷூவுமாக வாசலில் தயாராக நிற்கிறாள். நானும் அதே ஷூதான் போட்டிருந்தேன். ஷெட்டில் போய் இறங்கியதும் மெக்கானிக் எங்கள் கால்களைப் பார்த்துவிட்டுத் தன் காலைப் பார்த்தார். அவர் போட்டிருந்தது ரப்பர் செருப்பு. முதல் தடவையாக அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

சாமான் பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார். நான் ஓடிப்போய் முதலில் பார்த்தது பெயரைத்தான். எங்கள் கம்பெனி இல்லை. எங்கள் லைனில் வருவது வேறு வண்டிகளுக்குப் போகிறது, என் வண்டிக்குச் செய்வது இன்னொரு கம்பெனி என்றார். ஒரு நொடி முகம் சுருங்கிவிட்டது எனக்கு. தென்காசிக்காரி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எதிரி கம்பெனிக்காரன்தான் நம்ம உயிரைக் காப்பாத்தப் போறான் போல," என்றாள். பெட்டியைப் பிரித்துப் புது ஷாக்கப்சரைக் கையில் எடுத்ததும் அந்தச் சுருக்கமும் போய்விட்டது. அதே கறுப்பு பெயின்ட், அதே பளபளப்பான தண்டு. வேறு ஊரில் பார்த்த சொந்தக்காரர் முகம் மாதிரி.

மாட்டுவதற்கு முன்னால் அதை நிறுத்தி வைத்து, தண்டை நாலைந்து தடவை முழுக்க அழுத்தி விடவேண்டுமாம். படுக்க வைத்திருந்ததில் உள்ளே சேர்ந்த காற்று மேலே போய்விடும். நான் செய்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். தரையில் ஊன்றி, இரண்டு கையாலும் பலம் கொடுத்து அழுத்தினேன். இறங்க மறுத்தது. உடம்பின் கனத்தைப் போட்டதும் மெதுவாக, மெதுவாக, தேன் பாட்டிலுக்குள் கரண்டி இறங்குகிற மாதிரி இறங்கியது. கையை எடுத்ததும் அதே நிதானத்தோடு தானே எழுந்து வந்தது. என் மிஷின் கதவுக்குப் பின்னால் செய்கிற வேலையை அன்றைக்கு என் தோள் செய்தது. திரையில் கோடாக மட்டுமே பார்த்த ஒன்றைக் கையில் உணர்ந்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. அவளிடம் கொடுத்தேன். அவளும் அழுத்திப் பார்த்துவிட்டு, "உள்ள எண்ணெய் ஓடுற சத்தம் கேக்குதுக்கா," என்று காதைக் குழாயோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். தினமும் எண்ணெய் நிரப்புகிறவள், அது உள்ளே ஓடுகிற சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டாள். லைன் இரைச்சலில் அதெல்லாம் எங்கே கேட்கும்.

பின்பக்க வேலை சுலபமாகப் போயிற்று. டிக்கியின் ஓரத் துணியை விலக்கினால் மேலே ஒரு நட்டு, கீழே சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு போல்ட். என் கணவரும் மெக்கானிக்கும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து கழற்றிவிட்டார்கள். கழற்றிய பழையதை மெக்கானிக் என்னிடம் நீட்டினார். இரண்டே விரலால் தள்ளினேன். கொளக்கென்று உள்ளே போய் அங்கேயே கிடந்தது. எழுந்திருக்கவே இல்லை. இதன் மேல்தானா இத்தனை நாள் உட்கார்ந்து போனோம் என்று நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

முன்பக்கம் இடதுபுறமும் சிக்கலில்லை. பானெட்டைத் திறந்தால் மேலே மூன்று நட்டு, கீழே சக்கரத்தைப் பிடிக்கிற இடத்தில் இரண்டு பெரிய போல்ட். பிரேக் எண்ணெய் போகிற ஹோஸை விடுவித்து, கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, முழு ஸ்ட்ரட்டையும் அப்படியே கீழே இறக்கினார். வலதுபுறம்தான் பிடிவாதம் பிடித்தது. கீழ் போல்ட் ஒன்று துருவில் இறுகிப்போய் அசையவில்லை. எண்ணெய் தெளித்துக் காத்திருந்தோம். சுத்தியலால் தட்டினார். ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி அவரும் என் கணவரும் தொங்காத குறையாக இழுத்தார்கள். ஒரு சத்தம் கேட்டது. கழன்றுவிட்டது என்று நான் கைதட்டப் போனேன். பார்த்தால் போல்ட்டின் தலை முறிந்து கையோடு வந்திருந்தது.

மிச்சத்தை அறுத்துத் தட்டி எடுத்துவிடலாம், ஆனால் புது போல்ட் வேண்டும். என் கணவர் மெக்கானிக்கின் பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்குக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்குமா என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. கார் நாலு ஸ்டாண்டின் மேல் சக்கரமில்லாமல் நின்றது. திங்கட்கிழமை காலை ஷிப்ட்.

அவர் வருவதற்குள் ஸ்பிரிங்கைப் புதுக் குழாய்க்கு மாற்றிவிடுவோம் என்று, மெக்கானிக் முறிந்த போல்ட்டை அறுத்து எடுத்தார். வலதுபுற ஸ்ட்ரட்டைத் தரையில் படுக்க வைத்து, ஸ்பிரிங்கின் இரண்டு பக்கமும் கொக்கி போன்ற கருவியை மாட்டி, மாறி மாறி முறுக்கினார். ஸ்பிரிங் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிற்று. நாங்கள் இருவரும் ஓரடி பின்வாங்கினோம். எங்கள் தொழிற்சாலையில் இந்த வேலை இரும்புக் கதவுக்குள் நடக்கும். கதவு ஒரு நூலிழை திறந்திருந்தாலும் மிஷின் ஓடாது. சுருங்கிய ஸ்பிரிங் தெறித்தால் என்ன ஆகும் என்று பாதுகாப்பு வகுப்பில் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே கதவும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர் எங்கள் முகத்தைப் பார்த்தார். ஸ்ட்ரட்டின் தலைப்பக்கத்தைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்துவிட்டு, எங்களை அந்தப் பக்கம் வரவேண்டாம், பக்கவாட்டிலேயே நில்லுங்கள் என்றார். அவரும் பக்கவாட்டில் உட்கார்ந்தே மேல் நட்டைக் கழற்றினார். மவுண்ட் தளர்ந்து வந்தது. பழைய பேரிங்கைச் சுற்றிக் காட்டினார். மணல் அரைபடுகிற மாதிரி கரகரவென்றது.

"மாட்றத நீங்க மாட்றீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார்.

கேட்டு முடிப்பதற்குள் நான் உட்கார்ந்துவிட்டேன். புது ஷாக்கப்சர், தூசி மூடும் ரப்பர், சுருங்கி நின்ற ஸ்பிரிங், பேரிங், மவுண்ட், கடைசியாக நட்டு. தென்காசிக்காரி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். நான் மாட்டினேன். அவர் தலையாட்டிக்கொண்டே வந்தவர், நடுவில் யாரோ ஒரு வாடிக்கையாளர் போன் செய்ய, எழுந்து ரோட்டோரம் போய்விட்டார். எங்கள் இருவருக்கும் பேச்சு தாங்கவில்லை. நாளைக்கு லைனில் போய் யார் யாரிடம் சொல்வது என்று திட்டம் போட்டுக்கொண்டே நட்டை இறுக்கினேன். அவர் திரும்பி வந்து, இறுக்கத்தை மட்டும் சரிபார்த்துவிட்டு, கொக்கிகளைத் தளர்த்தினார். ஸ்பிரிங் விரிந்து உட்கார்ந்தது. இடதுபுறத்தை அவரே அதே மாதிரி மாற்றி முடித்தார்.

அதற்குள் என் கணவர் வந்துவிட்டார். இரண்டு கடை மூடியிருந்ததாம், மூன்றாவது கடைக்காரரை வீட்டிலிருந்து வரவழைத்து வாங்கியிருக்கிறார். காரில் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது என்கிற மனிதர், போல்ட்டைத் தாம்பூலம் மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார். எல்லாவற்றையும் மாட்டி, சக்கரம் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கியபோது சாயந்திர வெயில் ஷெட்டுக்குள் வந்திருந்தது.

நான் ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் பண்ணி, ஸ்டீயரிங்கை வலதுபுறம் ஒடித்தேன். டொங் என்றது. இடதுபுறம் ஒடித்தேன். டொங்.

எல்லோரும் வலது முன்சக்கரத்தைப் பார்த்தார்கள். நான் மாட்டிய பக்கம். மெக்கானிக் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தார். ஸ்பிரிங்கின் கீழ்முனை அதன் தட்டில் இருக்கிற பள்ளத்தில் போய் முட்டி நிற்கவேண்டும். என்னுடையது ஒரு விரல் தள்ளி நின்றது. பேச்சு சுவாரசியத்தில் நான் அதைக் கவனிக்கவேயில்லை. எனக்கு அழுகை வராத குறை. மறுபடியும் சக்கரம், மறுபடியும் போல்ட், மறுபடியும் அந்தக் கொக்கி. இருட்டப் போகிறது, பாவம் அந்த மனிதருக்கும் ஞாயிற்றுக்கிழமைதானே.

"நானும் பாத்திருக்கணும்," என்றார் அவர். "போன் பேசப் பூட்டேன். அதான் வண்டியே சத்தம் போட்டு சொல்லிச்சே, வுடுங்க. கீய எறங்குங்க, நீங்களே மாத்துங்க."

இந்தத் தடவை நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. முனை பள்ளத்தில் முட்டுகிறதா என்று நான் பார்த்தேன், அவள் பார்த்தாள், அவர் பார்த்தார், என் கணவர் கூட மண்டியிட்டு வந்து பார்த்தார். அப்புறம்தான் தளர்த்தினோம். கீழே இறக்கி ஒடித்துப் பார்த்தால் சத்தமே இல்லை. ஸ்டீயரிங் வெண்ணெய் மாதிரி திரும்பியது.

போகிற வழியில் வீல் அலைன்மென்ட் பார்த்துக்கொண்டு, நேராக அந்த வேகத்தடைக்குப் போனோம். ஒரு கிடங்குக்கு முன்னால் இருக்கிற சர்வீஸ் ரோடு. என் பக்கத்தில் என் கணவர், பின்னால் அவள், தலைக்கு மேலே கையை வைத்துத் தயாராக. நான் அன்றைக்குப் போன அதே வேகத்தில் ஏற்றினேன். வண்டி ஏறியது, இறங்கியது, முடிந்துவிட்டது. அவ்வளவுதான். ஒரு தடவை மூச்சு விட்ட மாதிரி. அதற்கப்புறம் ரோடு ரோடாக இருந்தது. பிரேக் போட்டேன், மூக்கு குத்தவில்லை. லாரி ஒன்றை ஒட்டி வளைத்தேன், சாயவில்லை. என் உடம்பு மட்டும் பழக்க தோஷத்தில் ஆட்டத்துக்குத் தயாராக வளைந்து, ஆட்டம் வராததால் அசடு வழிந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலை மேலே வைத்த கையை இன்னும் எடுக்காமல் அவள், "இன்னொரு தடவை போங்கக்கா," என்றாள்.

போனோம். திரும்பி வந்தோம். மறுபடி போனோம். என் கணவர் தூங்கவில்லை. இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக, இந்தத் தடவை ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்று என்று யோசனை சொல்லிக்கொண்டே வந்தார். கிடங்கு வாசலில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, எழுந்து வந்து கண்ணாடியைத் தட்டினார். ரோட்டில் எதையாவது தொலைத்துவிட்டீர்களா, டார்ச் தரட்டுமா என்று கேட்டார். ஷாக்கப்சர் மாற்றியிருக்கிறோம் அண்ணா என்று நான் சொன்னதும், அவர் காரை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, நல்லது என்று போய் உட்கார்ந்தார்.

மறுநாள் நான் யாரிடமும் சொல்லத் தேவையே இருக்கவில்லை, அவளே சொல்லிவிட்டாள். ஷிப்ட் தொடங்குவதற்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால், கேட்டுக்கு எதிரே டீக்கடை ஓரம் நான் நிறுத்தியிருந்த காரைச் சுற்றி எங்கள் ஆட்கள். ஒவ்வொருவராக வந்து மூலையில் கை வைத்து அழுத்திப் பார்த்தார்கள். வெல்டிங்கில் இருக்கிறவர் அழுத்தினார், வாயு அடைக்கிற பெண் அழுத்தினாள், பேக்கிங்கில் இருக்கிற இரண்டு பேர் ஏறி உட்கார்ந்து குதித்தே பார்த்தார்கள். எல்லோரும் வருஷக்கணக்கில் அதைச் செய்கிறவர்கள். எவ்வளவு ஆச்சரியமாகப் பார்த்தார்கள் என்கிறீர்கள். நானும் அவளும் ஆளாளுக்குப் பதில் சொல்லி ஓய்ந்துபோனோம். ஸ்பிரிங்கின் முனை எங்கே உட்காரவேண்டும் என்பதை அவள் ஏதோ கல்யாணத்தை நடத்தி வைத்தவள் மாதிரி விவரித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் சூப்பர்வைசர் டீ கிளாஸோடு கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். கூட்டம் குறைந்ததும் தன் காரிடம் போய், யாரும் கவனிக்காத மாதிரி அதன் மூலையில் ஒரு அழுத்து அழுத்தினார். அது ஆடி நிற்கக் கொஞ்சநேரம் ஆயிற்று. என்னிடம் வந்து ஷெட் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பென்னலூரில் எந்தத் திருப்பம் என்று சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம போலாம்னு பாக்குறேன்," என்றார். "நீங்க ரெண்டு பேரும் வந்தா நல்லாருக்கும். எனக்கும் உள்ள இன்னா கீதுன்னு பாக்கணும்."

"நீங்க ஓவர்டைம் போடாம இருந்தா வரோம் சார்," என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவருக்கும் அவர் ஓவர்டைம் போடவில்லை.